எந்த ரகத்தை நடுவது? வீட்டுத் தோட்டத்தில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தக்காளி போடலாம் என்று முடிவெடுக்க ஒரு நிமிடம் போதும். விதை வாங்கப் போகும்போதுதான் கேள்வி வரும்: எந்தத் தக்காளி? டைனி டிம் என்றொரு ரகம் இருக்கிறது. முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரை அடிக்கு மேல் போகாது, சின்னத் தொட்டியிலேயே காய்க்கும். சன்கோல்டு என்று இன்னொன்று. ஆளுயரத்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும், கயிறு கட்டி ஏற்றிவிடாவிட்டால் தரையெல்லாம் படரும். இரண்டும் தக்காளிதான். ஜன்னலோரச் சின்னத் தொட்டியில் இரண்டாவதை நட்டவருக்கு, தக்காளி வளர்ப்பதே பெரும்பாடு என்று தோன்றிவிடும். அவர் தண்ணீர் ஊற்றியதிலோ உரம் போட்டதிலோ குறை இருந்திருக்காது. ரகம் இடத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆசையாகத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மண்கலவை, எரு, பூச்சிவிரட்டி என்று தேடித் தேடிப் படிக்கிறோம். விதையை மட்டும் பாக்கெட்டில் உள்ள படத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறோம். படத்தில் எல்லா ரகமும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் இடத்தில் எது வரும் என்பதை உங்கள் வெயிலும் பருவமும் மண்ணும்தான் சொல்லும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: வெயிலைக் குறித்துக்கொள்ளுங்கள்

செடி வைக்கப்போகும் இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று தெரியாமல் ஒரு விதைகூட வாங்க வேண்டாம். வெளிச்சம் வேறு, வெயில் வேறு. நல்ல வெளிச்சமான இடம் என்று நாம் நம்பும் மூலையில் நேரடி வெயில் 2 மணி நேரம்கூட இல்லாமல் இருக்கலாம். ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை மணிக்கொரு தடவை போய்ப் பாருங்கள். எங்கே வெயில், எங்கே நிழல் என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறியுங்கள். சுவர் நிழலும் மர நிழலும் பருவத்துக்குப் பருவம் நகரும். அதனால் நடவுக் காலத்துக்குப் பக்கத்தில் எடுத்த கணக்குதான் உதவும்.

கணக்கு கைக்கு வந்ததுமே பாதித் தேர்வு முடிந்த மாதிரி. தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, வெள்ளரி, பூசணி என்று காய்க்கிற எதற்கும் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். 8 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. முள்ளங்கி, கேரட், பீட்ரூட் 4, 5 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும், பருப்பது கொஞ்சம் தாமதமாகும். கீரைகள், லெட்டூஸ், புதினா, கொத்தமல்லி, பார்ஸ்லி ஆகியவை 3, 4 மணி நேர வெயிலிலும் இலை தரும். அதுவும் இல்லையென்றால் காய்கறி ஆசையை அந்த இடத்தில் விட்டுவிட்டு, நிழலிலும் பூக்கும் இம்பேஷன்ஸ், பெகோனியா போன்ற பூச்செடிகளுக்குப் போய்விடலாம். நிழலில் தக்காளியை வைத்து மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது மண்ணின் ஆழம். தொட்டியில்தான் வளர்க்கப் போகிறீர்கள் என்றால், கீரைக்கும் லெட்டூஸுக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். மிளகாய்க்கும் குட்டைத் தக்காளிக்கும் 10 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டி வேண்டும். உயரமாக ஏறும் தக்காளிக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தொட்டி சிறியதாக இருந்தால் செடி சாகாது. ஆனால் வெயில் ஏறியதும் மண் காய்ந்து, தண்ணீர் சீராகக் கிடைக்காமல் தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகும், காய் வெடிக்கும். புதியவர்கள் இதை நோய் என்று நினைத்து மருந்து தேடிப் போவார்கள்.

இரண்டாம் படி: பருவத்தோடு ஒத்துப்போகும் ரகம்

பயிர்களைக் குளிர்ச்சி விரும்பிகள், சூடு விரும்பிகள் என்று இரண்டாகப் பிரிக்கலாம். லெட்டூஸ், பட்டாணி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், கொத்தமல்லி, பார்ஸ்லி முதல் வகை. தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, பீன்ஸ், வெள்ளரி, பூசணி, பேசில் (துளசி வகையைச் சேர்ந்த சமையல் வாசனை இலை) இரண்டாவது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான். ஒரே பயிருக்குள் ரகத்துக்கு ரகம் இந்தத் தாங்குதிறன் மாறும் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் 32, 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீணாகிவிடும். செடி தளதளவென்று இருக்கும், பூவும் பூக்கும், ஆனால் காய் பிடிக்காமல் பூ உதிரும். இரவில் 13 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதைதான். அரைக் கிலோ எடையுள்ள பெரிய பழம் தரும் ரகங்கள் இதில் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். செர்ரித் தக்காளிகளும் சின்னப் பழ ரகங்களும் பொதுவாகச் சூட்டை அதிகம் தாங்கிக் காய் பிடிக்கும். மிளகாயிலும் அப்படித்தான். பெரிய குடைமிளகாய் பூவை உதிர்த்துவிடும் வெப்பத்தில், சின்ன மிளகாய் ரகங்கள் காய்த்துக்கொண்டிருக்கும். சூடான இடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வருடம் சின்னப் பழ ரகங்களோடு தொடங்குங்கள்.

இலைப் பயிர்களில் பிரச்சினை வேறு மாதிரி. சூடு ஏறினால் கொத்தமல்லியும் லெட்டூஸும் இலை போடுவதை நிறுத்திவிட்டு நடுவில் தண்டை உயர்த்திப் பூவுக்குப் போய்விடும், லெட்டூஸ் கசந்தும் போகும். பாக்கெட்டில் ‘ஸ்லோ போல்ட்’ என்று இருந்தால், பூவுக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும் ரகம் என்று பொருள். ஒன்றிரண்டு வாரம் கூடுதலாக இலை பறிக்கலாம்; கோடையை முழுசாகத் தாண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று, மண் 30 டிகிரியை நெருங்கினால் லெட்டூஸின் பல ரகங்கள் முளைக்கவே மறுக்கும். விதை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த இடத்தில் முளைக்கவைத்து, நாற்றாக வெளியே கொண்டுவாருங்கள்.

வெங்காயத்துக்கு மட்டும் ஒரு தனிப் பத்தி வேண்டும். வெங்காயச் செடி எப்போது குமிழ் போட வேண்டும் என்பதைப் பகல் நேரத்தின் நீளம்தான் முக்கியமாகத் தீர்மானிக்கிறது. குறும்பகல் ரகங்களுக்கு 10 முதல் 12 மணி நேரப் பகல் போதும். நடுத்தர ரகங்களுக்கு 12 முதல் 14. நெடும்பகல் ரகங்களுக்கு 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வருடத்தில் எந்த நாளிலும் பகல் 14 மணி நேரத்தைத் தொடாது. அங்கே நெடும்பகல் ரகத்தை விதைத்தால், எத்தனை மாதம் ஆனாலும் தாள் மட்டும்தான் கிடைக்கும். கோடைப் பகல் மிக நீளமாக இருக்கும் வட நாடுகளில் குறும்பகல் ரகத்தை வசந்தத்தில் நட்டால், செடி வளர்வதற்குள்ளேயே அவசரப்பட்டுக் கோலிக்குண்டு அளவில் குமிழ் போட்டுவிடும். தூர தேசத்திலிருந்து விதை வரவழைக்கும்போது வேறு எதைப் பார்க்காவிட்டாலும், வெங்காயத்துக்கு இதைப் பாருங்கள்.

மூன்றாம் படி: எது உங்களுக்குத் தேவை?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரும் விரும்பிச் சாப்பிடாத காயை, வளர்ப்பது எளிது என்பதற்காக நட வேண்டாம். இடம் குறைவாக இருந்தால், பறித்த சில மணி நேரத்திலேயே சுவை குறைந்துவிடுபவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்: பட்டாணி, கீரை, வாசனை இலைகள், செடியிலேயே பழுத்த தக்காளி. மக்காச்சோளத்தைச் சின்ன இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காற்றில் மகரந்தம் பரவும் பயிர். ஒற்றை வரிசையில் நாலு செடி வைத்தால் கதிரில் பாதி மணி பிடிக்காது. சதுரமாக, பல வரிசை நட இடம் இருந்தால் மட்டும் முயலலாம்.

நான்காம் படி: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விற்பதற்கு, பின்பக்கம் நடுபவருக்கு. ஒரு தக்காளி விதைப் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்போம்.

முதலில் நாள் கணக்கு. ‘70 நாள்’ என்று இருக்கும். விதைத்த நாளிலிருந்து 70 என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான். தக்காளி, மிளகாய், கத்தரி போன்று நாற்றாக நடும் பயிர்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் நாற்றை நட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. நாற்றங்காலில் கழியும் 4 முதல் 8 வாரத்தை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். பீன்ஸ், முள்ளங்கி, கேரட் போன்று நேரடியாக விதைப்பவற்றில் விதைப்பிலிருந்தே கணக்கு. உங்கள் ஊரில் நல்ல பருவம் எத்தனை நாள் நீடிக்கும் என்று பாருங்கள். அதற்குள் அறுவடை முடியாத ரகம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது செடியின் போக்கு. ‘டிட்டர்மினேட்’ என்றிருந்தால் ஒரு உயரத்தோடு நின்று, சில வாரங்களுக்குள் மொத்தமாகக் காய்த்து முடிக்கும் செடி. ரோமா இப்படிப்பட்டது, ஒரே நேரத்தில் நிறையப் பழம் வேண்டும், சாஸ் காய்ச்ச வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது. ‘இன்டிட்டர்மினேட்’ என்றால் நுனி வளர்ந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நெடுநாள் காய்க்கும், கட்டாயம் பந்தலோ குச்சியோ வேண்டும். சன்கோல்டு, சான் மர்சானோ, பிராண்டிவைன் எல்லாம் இந்த வகை. தினமும் நாலு பழம் போதும் என்பவருக்கு இதுதான் தோது. பீன்ஸ், வெள்ளரி, பூசணி பாக்கெட்டுகளில் இதே விஷயம் ‘புஷ்’ என்றும் ‘போல்’ அல்லது ‘வைன்’ என்றும் இருக்கும்: குத்துச்செடி, கொடி.

பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. பாக்கெட்டிலேயே மிகவும் பயனுள்ள தகவல் அதுதான் என்பேன். ‘வி’ (V) என்றால் வெர்ட்டிசிலியம் வாடல் நோய்க்கு எதிர்ப்பு; ‘எஃப்’ (F) என்றால் ஃபியூசேரியம் வாடல்; ‘என்’ (N) என்றால் வேரில் முடிச்சு போடும் நூற்புழு; ‘டி’ (T) என்றால் புகையிலைத் தேமல் வைரஸ். 1984-இல் ஆல் அமெரிக்கா செலக்ஷன்ஸ் விருது (புதிய ரகங்களைச் சோதித்துப் பார்த்துத் தரும் அமெரிக்க விருது) பெற்ற செலிபிரிட்டி தக்காளியின் பின்னால் ‘விஎஃப்எஃப்என்டி’ என்று போட்டிருக்கும். எஃப் இரண்டு தடவை வருவது, ஃபியூசேரியம் பூஞ்சையின் இரண்டு வகைகளைத் தாங்கும் என்பதற்காக. போன தடவை உங்கள் தக்காளிச் செடி திடீரென்று ஒரு பக்கம் மஞ்சளாகி வாடியதா? பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்ததா? முதலாவது என்றால் ‘வி’, ‘எஃப்’ எழுத்துகளும், இரண்டாவது என்றால் ‘என்’ எழுத்தும் இல்லாத ரகத்தை அந்த மண்ணில் மறுபடி நடாதீர்கள். வாடல் பூஞ்சையும் நூற்புழுவும் மண்ணுக்குள்ளேயே இருப்பவை. வந்தபிறகு வீட்டளவில் குணப்படுத்த வழி இல்லை, தாங்கும் ரகம்தான் வழி. வெள்ளரி, பூசணிக் குடும்பத்துக்குச் சாம்பல் நோய் எதிர்ப்பு, வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் எதிர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்ப்பு என்றால் நோயே வராது என்று பொருள் இல்லை. வந்தாலும் செடி தாக்குப்பிடித்துக் காய் கொடுக்கும்.

அப்புறம் தேதி. வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்திலேயே முளைப்புத் திறனை இழக்கும், பார்ஸ்லியும் அப்படித்தான். மிளகாய் 2, 3 வருடம், பீன்ஸ் 3 வருடம், தக்காளி 4 வருடம் வரை தாங்கும், வெள்ளரி 5 வருடம்கூட. ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. சந்தேகம் இருந்தால், 10 விதையை ஈரத் துணியில் மடித்து ஒரு பெட்டிக்குள் வையுங்கள். 7 முளைத்தால் கொஞ்சம் நெருக்கமாக விதையுங்கள். 3 மட்டும் முளைத்தால் புதிதாக வாங்குங்கள். விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், மீந்ததைச் சமையலுக்கும் எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஹைப்ரிட்டா, நாட்டு ரகமா?

இந்தக் கேள்வியில் ஆளுக்கொரு பக்கம் நின்று பேசுவதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள். எஃப்1 அல்லது ஹைப்ரிட் என்பது, குணம் தெரிந்த இரண்டு தாய் தந்தை வரிசைகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதை. செடிகள் ஒன்றுபோல் வரும், வீரியமாக வளரும், நோய் எதிர்ப்பைப் பல ரகங்களில் சேர்த்தே கொடுத்திருப்பார்கள். மரபணு மாற்றுப் பயிர் என்பது இதிலிருந்து வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டாம். ஹைப்ரிட்டில் உள்ள ஒரே சிக்கல், அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது என்பது. முளைக்கும், காய்க்கும், ஆனால் செடிக்குச் செடி ஒவ்வொரு மாதிரி இருக்கும். நாட்டு ரகங்களிலும் இயல்பாக மகரந்தம் சேர்ந்து விதை தரும் பிற ‘திறந்த மகரந்தச் சேர்க்கை’ ரகங்களிலும் விதை எடுத்து வருடாவருடம் அதே ரகத்தைப் பெறலாம். சுவையிலும் நிறத்திலும் வடிவத்திலும் அங்கே இருக்கும் வளம் அளவில்லாதது. அது நம் தோட்டங்களில் தொடர்ந்து உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

நடைமுறையில் எப்படி முடிவெடுப்பது? பீன்ஸ், பட்டாணி, லெட்டூஸ் ஆகியவற்றில் கிடைப்பதெல்லாம் ஏறக்குறைய ஹைப்ரிட் அல்லாத ரகங்களே, அங்கே யோசிக்கவே வேண்டாம். தக்காளியிலும் வெள்ளரியிலும் உங்கள் மண்ணில் நோய்த் தொல்லை உண்டு என்று தெரிந்தால், முதல் வருடம் எதிர்ப்புள்ள ஹைப்ரிட் ஒன்றை நட்டுக் கையில் கொஞ்சம் விளைச்சலைப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரு நாட்டு ரகத்தையும் வையுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது வருடக்கணக்கில் ஒரு ரகத்திலிருந்து விதை எடுத்து வளர்த்து வந்தால், கேட்டு வாங்குங்கள். அந்த இடத்தின் வெயிலையும் மழையையும் பார்த்துத் தேறி வந்த விதை அது. எந்தப் பட்டியலிலும் அதற்கு இணையானதைத் தேட முடியாது.

ஆறாம் படி: காய்கறிகள்

தக்காளியைப் பற்றி ஏற்கெனவே நிறையச் சொல்லியாயிற்று. முதல் வருடத்துக்கு ஒரு செர்ரி ரகம், ஒரு நடுத்தரப் பழ ரகம் போதும். சன்கோல்டின் இனிப்புக்கு ஈடு சொல்வது கஷ்டம். ஆனால் மழை பெய்தால் பழத்தோல் வெடிக்கும், பறித்து வெகுநேரம் வைக்க முடியாது. வீட்டில் வளர்த்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளத்தான் அது.

பீன்ஸில் குத்துச்செடி ரகங்கள் புதியவர்களுக்கு உற்ற துணை. பிராவைடர் போன்ற ரகம் 50 நாளையொட்டிக் காய்க்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடும். கென்டக்கி வண்டர் போன்ற கொடி ரகம் 65 நாள் எடுத்துக்கொள்ளும், பந்தல் கேட்கும். ஆனால் பறிக்கப் பறிக்கக் காய்க்கும், அதே சதுர அடியில் கிடைக்கும் காயும் அதிகம். குத்துச்செடி என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து வாருங்கள்.

வெள்ளரி வாங்கும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ‘பார்த்தினோகார்ப்பிக்’. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகம் இது. வலைக்குள்ளோ, தேனீ எட்டாத மாடிப் பால்கனியிலோ வளர்ப்பவர்களுக்கு இது வரம். சாதாரண ரகம் என்றால் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருக்கும், தேனீ வந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும்.

கேரட்டில் ரகத்தை மண் தீர்மானிக்கட்டும். 25 சென்டிமீட்டர் வரை இறங்கும் இம்பரேட்டர் வகைக்கு ஆழமான, கல்லில்லாத மணற்பாங்கான மண் வேண்டும். களிமண் என்றால் தோள் அகன்று நீளம் குறைந்த சான்டனே நன்றாக வரும். ஆழமில்லாத தொட்டிக்குப் பாரிஸ் மார்க்கெட் என்ற உருண்டை வகை இருக்கிறது. இடைப்பட்ட மண்ணுக்கு நான்டெஸ். கெட்டி மண்ணில் நீள ரகத்தைப் போட்டுவிட்டு இரண்டு காலும் மூன்று காலுமாகப் பிளந்த கேரட்டைப் பிடுங்குபவர்கள் நிறையப் பேர்.

வெண்டையில் கிளெம்சன் ஸ்பைன்லெஸ் 1939-லேயே அதே ஆல் அமெரிக்கா செலக்ஷன்ஸ் விருது வாங்கிய ரகம், இன்றும் விற்பனையில் இருக்கிறது. காயில் சுணை இல்லாததால் பறிக்கச் சுலபம். லெட்டூஸில் உருண்டையாகக் கட்டும் வகை புதியவருக்குச் சிரமம், உதிரி இலை ரகங்களை எடுங்கள். வெளி இலைகளை மட்டும் பறித்தால் செடி மறுபடி மறுபடி இலை விடும். முள்ளங்கியில் செர்ரி பெல் 25 நாளில் கைக்கு வந்துவிடும். குழந்தைகளோடு தொடங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் படி: வாசனை இலைகள்

இங்கே ரகத்தோடு இன்னொரு தேர்வும் சேர்ந்து வருகிறது: விதையா, செடியா?

கொத்தமல்லி, பேசில், டில் (சதகுப்பை) மூன்றையும் விதையிலிருந்து தாராளமாக வளர்க்கலாம். கொத்தமல்லி விதை என்று நாம் சொல்லும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. உள்ளங்கையால் லேசாக அழுத்தி உருட்டினால் இரண்டாகப் பிரியும், முளைப்பும் சீராக இருக்கும். அதற்கு ஆணிவேர், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு பூவுக்குப் போய்விடும், நேரடியாகவே விதையுங்கள்.

புதினாவில் பெப்பர்மின்ட் விதை போடாத கலப்பினம். ‘பெப்பர்மின்ட் விதை’ என்று யாராவது விற்றால் அது வேறு ஏதோ ஒன்று. பிரெஞ்சு டாராகன் என்ற சமையல் வாசனை இலையும் அப்படித்தான். விதையாக விற்பது வாசமில்லாத ரஷ்ய வகை. இரண்டையும் வேர்த்துண்டாகவோ தண்டாகவோதான் வாங்க வேண்டும். ரோஸ்மேரி விதை முளைக்கவே யோசிக்கும், முளைத்தாலும் ஆமை வேகம். தண்டு வேர்விட்ட செடியாக வாங்குவதே நல்லது.

ஓரிகானோ, தைம் வாங்கும்போது பெயர் அட்டையை நம்பாதீர்கள். ஓர் இலையைக் கிள்ளி, விரலிடுக்கில் கசக்கி, மோந்து பாருங்கள். ஒரே பெயரில் இருக்கும் இரண்டு ஓரிகானோ செடிகளில் ஒன்று மூக்கில் ஏறும், இன்னொன்று வெறும் புல்வாசம் வீசும். கிரேக்க ஓரிகானோ என்று விற்கும் வகையில் பெரும்பாலும் காரசாரமான வாசம் இருக்கும். கசக்கியபோது வராத வாசம் சமையலில் வரப்போவதில்லை.

பேசிலில் ஜெனோவீஸ் பெரிய, மெல்லிய இலை. தாய்லாந்து வகை சோம்பு வாசம், சூட்டையும் கொஞ்சம் அதிகம் தாங்கும். எலுமிச்சை வாசமுள்ள வகையும் உண்டு. ஈரப்பதம் அதிகமான இடத்தில் இலையின் அடியில் சாம்பல்நிறத் தூள் படிந்து மேலே மஞ்சளாகும் அடிச்சாம்பல் நோய் ஜெனோவீஸைச் சூறையாடும். அங்கே பிராஸ்பெரா போன்ற எதிர்ப்பு ரகத்தைத் தேடுங்கள். புதினாவை மட்டும் எப்போதும் தனித் தொட்டியில் வையுங்கள். பாத்தியில் விட்டால் பக்கத்துச் செடிகளுக்கு இடம் இருக்காது.

எட்டாம் படி: பூக்கள்

காய்கறித் தோட்டத்துக்குள் பூ எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தேனீ வராத தோட்டத்தில் பூசணி காய்க்காது என்பதே போதுமான பதில். ஆனால் எந்தப் பூவை வைத்தாலும் தேனீ வந்துவிடாது. செண்டுமல்லியையோ ஜினியாவையோ நாற்றுப் பண்ணையில் பார்க்கும்போது ஒரு நிமிடம் பூவைக் குனிந்து பாருங்கள். நடுவில் மஞ்சளான வட்டு தெரிகிறதா, அல்லது பந்து மாதிரி இதழ்மேல் இதழாக அடைத்திருக்கிறதா? அடுக்கிதழ்ப் பூக்களில் மகரந்தத்தாள்கள் பெரும்பாலும் இதழாகவே மாறியிருக்கும், அல்லது தேனீயால் உள்ளே நுழைய முடியாது. கண்ணுக்கு அழகு, தேனீக்குப் பட்டினி. நடுவட்டு திறந்திருக்கும் ஒற்றையிதழ் ரகங்களைக் காய்கறிப் பக்கம் வையுங்கள். சூரியகாந்தியிலும் புரோகட் வரிசை மாதிரியான ரகங்கள், குவளையில் வைத்தால் மேசையில் தூள் உதிரக் கூடாது என்பதற்காக மகரந்தம் இல்லாமல் உருவாக்கப்பட்டவை. பூங்கொத்துக்கு அவை, தேனீக்கு மகரந்தமுள்ளவை.

செண்டுமல்லி நூற்புழுவை விரட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை இருக்கிறது, ஆனால் தக்காளிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் பெரிய பலன் இல்லை. குட்டையான பிரெஞ்சு வகையைப் பாத்தி முழுக்க நெருக்கமாக, இரண்டு மாதமாவது வளர்த்து, அதன்பின் அந்த இடத்தில் காய்கறி வைத்தால்தான் எண்ணிக்கை குறையும்.

ஜினியாவில் சாம்பல் நோய் பெரிய தலைவலி. 1999-இல் ஆல் அமெரிக்கா செலக்ஷன்ஸ் தங்கப் பதக்கம் வாங்கிய புரொஃப்யூஷன் வரிசை அதைத் தாங்கும், உயரமும் ஒன்றேகால் அடியோடு நின்றுவிடும். கொத்துக்கு நீளத் தண்டு வேண்டுமென்றால் பெனரிஸ் ஜயன்ட். மழை அதிகம் பெய்யும் இடத்தில் பெட்டூனியாவில் பெரிய பூ ரகங்கள் நனைந்து தொங்கிப்போகும், சின்னப் பூ நிறையப் பூக்கும் மல்டிஃப்ளோரா வகை சமாளிக்கும். காஸ்மோஸுக்கு எரு போடாதீர்கள். வளமான மண்ணில் அது இலையாகவே வளரும்.

குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இருக்கும் வீடு என்றால் அரளி, ஊமத்தை, ஃபாக்ஸ்குளோவ் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். ஸ்வீட் பீ விதை பட்டாணி மாதிரியே இருக்கும், ஆனால் நஞ்சு. லில்லி பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கும். சாப்பிடும் பூ வேண்டுமென்றால் நாஸ்டர்ஷியம், காலெண்டுலா, வயோலா இருக்கின்றன. அவற்றையும் விதையிலிருந்து நீங்களே வளர்த்ததாக இருந்தால் மட்டும் சாப்பிடுங்கள். விற்பனைக்கு வரும் பூச்செடிகளில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

ஒன்பதாம் படி: குறைவாக வாங்கி, எழுதி வையுங்கள்

முதல் பருவத்துக்கு 4, 5 காய்கறி, 2, 3 வாசனை இலை, 2 பூ போதும். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு காயில் மட்டும் இரண்டு ரகம் எடுத்து, ஒரே நாளில், ஒரே மாதிரி மண்ணில் நடுங்கள். ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுதான் ரகத்தின் குணம் தெரியும். தனியாக ஒன்றை மட்டும் வளர்த்தால் குறை ரகத்தினுடையதா, பருவத்தினுடையதா என்று சொல்ல முடியாது. பெயர்ப் பலகையைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெயிலில் வெளுத்துப்போகும். ஒரு நோட்டில் ரகத்தின் பெயர், விதைத்த தேதி, முதல் காய் பறித்த தேதி, வந்த நோய், சாப்பிட்டவர்கள் சொன்னது ஆகியவற்றைக் குறித்துவைத்தால், அடுத்த பருவத்தில் எந்தப் பட்டியலையும்விட அந்த நோட்டு உதவும்.

விதை எடுக்க ஆசை வந்தால் தக்காளி, பீன்ஸ், பட்டாணி, லெட்டூஸ் ஆகியவற்றில் தொடங்குங்கள். இவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் இரண்டு ரகம் பக்கத்தில் இருந்தாலும் கலப்பு குறைவு. மிளகாயைத் தேனீ கலந்துவிடும், விதைக்காக ஒரு கிளைக்கு வலைப்பை கட்டுங்கள். பூசணிக் குடும்பத்தில் மட்டும் கவனம் அதிகம் வேண்டும். சுக்கினியும் சில அலங்காரப் பூசணிகளும் ஒரே இனம் என்பதால் எளிதில் கலக்கும். அப்படிக் கலந்த விதையிலிருந்தோ குப்பையில் தானாக முளைத்த கொடியிலிருந்தோ வரும் காயில் குக்கர்பிடசின் என்ற நச்சுப்பொருள் ஏறியிருக்கலாம். அத்தகைய காயைச் சமைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள், காயையும் கொடியையும் தூக்கிப் போடுங்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.